சான்றிதழை மறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள்

கேள்வி: என் அப்பா இளமையில் குத்துச்சண்டை பழகியவர். முகமது அலி என்றால் அவருக்கு உயிர். அவருடைய பிறந்தநாளுக்குப் பரிசு தேடியபோது, சன்னி லிஸ்டனைக் கீழே சாய்த்துவிட்டு அலி நிற்கும் புகழ்பெற்ற படம் ஒன்று, அலியின் கையெழுத்தோடு இணையத்தில் விற்பனைக்கு இருப்பதைப் பார்த்தேன். 2009இல் ஒரு தனிப்பட்ட நிகழ்ச்சியில் போட்ட கையெழுத்து என்கிறார் விற்பவர். ஹாலோகிராம் ஸ்டிக்கரும் சான்றிதழும் இருக்கின்றன. ஸ்டிக்கர் எண்ணை, சான்றளித்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தேன், பதிவு இருக்கிறது. முன்பு அவரிடம் வாங்கியவர்கள் எல்லோரும் நல்லவிதமாகவே எழுதியிருக்கிறார்கள். விலை மற்ற இடங்களில் கேட்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஏலம் இன்றிரவு முடிகிறதாம். ஏதோ ஒரு நெருடலால் இன்னும் பணம் கட்டவில்லை. படங்களையும் திரைப்பிடிப்புகளையும் இணைத்திருக்கிறேன். வாங்கலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: வாங்காதீர்கள்.

காரணத்தைச் சொல்வதற்கு முன் ஒன்று. திரையில் தெரியும் படத்தை மட்டும் வைத்து ஒரு கையெழுத்து உண்மையானது என்று நான் ஒருபோதும் சொல்வதில்லை. மையையும் தாளையும் கையில் வைத்துப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது. ஆனால் ‘இது சரியில்லை’ என்று சொல்லப் பல நேரங்களில் படமே போதும். உங்கள் கடிதத்தில் அதற்கு மூன்று காரணங்கள் கிடைத்தன. அவற்றில் இரண்டு நீங்களே அனுப்பிய திரைப்பிடிப்புகளில் இருக்கின்றன.

முதலில் கையெழுத்து. அலிக்குப் பார்க்கின்சன் நோய்க்குறி இருப்பது 1984இல் கண்டறியப்பட்டது. அந்த நோய் நடையையும் பேச்சையும் பாதிப்பதோடு நிற்பதில்லை, எழுதும் கையையும் பிடித்துக்கொள்ளும். எழுத்துகள் வரவரச் சிறுத்து ஒன்றையொன்று நெருக்கும். மருத்துவர்கள் இதை அந்த நோயின் அறிகுறிகளில் ஒன்றாகவே கருதுகிறார்கள். 1996இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் சுடரை ஏற்றியபோது அந்தக் கை நடுங்கியதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. 1970களில் அவர் போட்ட கையெழுத்தையும் கடைசிக் காலத்தில் போட்டதையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு மனிதர்கள் எழுதியவை என்றே தோன்றும். முன்னது அகலமானது, இழுத்து வீசியது. பின்னது குறுகியது, தயங்கித் தயங்கி நகர்வது.

உங்கள் படத்தில் இருப்பது அகலமான, வீசிய கையெழுத்து. முதல் எழுத்தின் மேடுகள் நிமிர்ந்து நிற்கின்றன, பெயரின் கடைசிக் கோடு தாராளமாக நீண்டு போகிறது. அழகாகவே இருக்கிறது. 2009இல் போட்டது என்று விற்பவர் சொல்லாமல் இருந்திருந்தால் இந்த ஒரு காரணத்துக்காக நான் புருவத்தை உயர்த்தியிருக்க மாட்டேன். கதை ஓர் ஆண்டைச் சொல்கிறது, கை வேறோர் ஆண்டைச் சொல்கிறது. போலி செய்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பார்த்து எழுத நல்ல மாதிரியாக வீரரின் உச்சக் காலக் கையெழுத்தை எடுத்துக்கொள்கிறார்கள். கதைக்கு மட்டும், யாரும் போய் விசாரிக்க முடியாத அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றைச் சேர்த்துவிடுகிறார்கள்.

அப்படியானால் நடுக்கத்தோடு இருந்தால் நம்பலாமா என்று கேட்பீர்கள். அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. நோயுற்ற கையைப் போலி செய்வது ஒருவகையில் எளிது. எழுதுபவனின் தயக்கம் நோயாளியின் நடுக்கத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ஆனாலும் நடுக்கத்துக்கு நடுக்கம் வேறுபாடு உண்டு. நோயின் நடுக்கம் கோடு முழுவதும் பரவியிருக்கும். எளிய நேர்கோட்டிலும் வரும். போலி செய்பவனின் கை கடினமான திருப்பங்களில் மட்டும் தடுமாறும். அடுத்து எங்கே போவது என்று மாதிரியைப் பார்க்கப் பேனா நிற்கும் இடத்தில் மை சற்றே தேங்கி ஒரு புள்ளியாக விழும். படத்தைத் திரையில் முடிந்தமட்டும் பெரிதாக்கி, எழுத்துகளைப் படிக்காமல் கோட்டை மட்டும் பின்தொடருங்கள். தினமும் நூறு கையெழுத்துப் போடுகிறவரின் பேனா, தாளைத் தொடுவதற்கு முன்பே நகர ஆரம்பித்திருக்கும்; தாளைவிட்டு எழும்போதும் நகர்ந்துகொண்டே எழும். அதனால் கோட்டின் தொடக்கமும் முடிவும் ஊசிபோல் மெலிந்திருக்கும். வரைந்த கையெழுத்தின் முனைகள் மழுங்கியிருக்கும். மார்க்கர் பேனாவில் இது இன்னும் நன்றாகத் தெரியும்.

அடுத்தது சான்றிதழ். ஸ்டிக்கர் எண்ணைத் தேடிப் பார்த்தது நல்ல பழக்கம்; பலர் அதைக்கூடச் செய்வதில்லை. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். நீங்கள் அனுப்பிய திரைப்பிடிப்பை மறுபடி பாருங்கள். எண் இருக்கிறது, முகமது அலியின் பெயர் இருக்கிறது. பொருள் என்ற இடத்தில் ‘கையுறை’ என்று இருக்கிறது. நீங்கள் வாங்கப்போவது புகைப்படம்.

எங்கோ ஒரு கையுறைக்கு நேர்மையாக வழங்கப்பட்ட எண்ணை யாரோ நகலெடுத்து ஸ்டிக்கராக அச்சடித்திருக்கிறார்கள். எண் உண்மை என்பதால் தேடினால் கிடைக்கத்தான் செய்யும். இந்தத் துறையில் இன்று அதிகம் நடக்கும் மோசடிகளில் இதுவும் ஒன்று. பொருளின் வகை, நிறம், அளவு, பதிவில் படம் இருந்தால் கையெழுத்து விழுந்த இடம், மையின் நிறம் எல்லாம் பொருந்த வேண்டும். இன்னொன்று: ஸ்டிக்கரில் இருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து சரிபார்க்காதீர்கள். அந்தக் குறியீடு அசல் தளம்போலவே தோன்றும் போலித் தளத்துக்கும் உங்களைக் கூட்டிப் போகலாம். நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள்.

சான்றிதழ்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. வீரர் கையெழுத்திடும்போது நிறுவனத்தின் ஆள் நேரில் நின்று பார்த்து, அந்த இடத்திலேயே ஸ்டிக்கர் ஒட்டுவது ஒரு வகை, அது சாட்சியம். பிறகு எப்போதோ வந்த பொருளை நிபுணர் ஒருவர் பார்த்து ‘உண்மையானதாகத் தெரிகிறது’ என்று சொல்வது இன்னொரு வகை, அது கருத்து. பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் ஆகிய பெரிய அமெரிக்க நிறுவனங்கள் இரண்டையும் செய்கின்றன. எந்த வகை என்பதை அவற்றின் ஆவணங்களிலேயே குறிப்பிடுகின்றன. கருத்து தவறாகலாம், நிபுணர்களும் தவறியிருக்கிறார்கள். மூன்றாவது வகை, விற்பவர் தன் கணினியில் தானே அச்சடித்துக்கொள்வது. தங்க நிற ஓரம், முத்திரை, ‘ஆயுள் உத்தரவாதம்’ எல்லாம் இருக்கும். யாருடைய ஆயுள் என்று மட்டும் இருக்காது.

1990களின் நடுவில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. சிகாகோவில் ஒரு போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தது. பிறகு சான் டியாகோவில் ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் இன்னும் பெரிய வலையை விரித்தது. சிக்கியவர்களில் போலிக் கையெழுத்துப் போடுபவர்கள் மட்டுமல்ல, அவற்றுக்குச் சான்றிதழ் எழுதித் தருபவர்களும் இருந்தார்கள். கையெழுத்தைப் போலவே சான்றிதழும் அவர்களுக்கு ஓர் உற்பத்திப் பொருள். அந்தச் சோதனைகளில் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லும் பேஸ்பால் பந்துகூட அகப்பட்டது. இதைக் கேட்டுச் சிரிக்காதவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அதற்கும் வாங்க ஆள் இருப்பார்கள் என்று நம்பித்தானே செய்திருப்பார்கள்? இந்த வழக்குகளுக்குப் பிறகுதான் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு 2001இல் தன் சொந்தச் சரிபார்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. காவல்துறைப் பின்னணி கொண்டவர்கள் மைதானத்திலேயே சாட்சியாக நின்று, உரித்தால் கிழிந்துபோகும் ஹாலோகிராமை ஒட்டுகிறார்கள்.

மூன்றாவது காரணம் விற்பவரின் மற்ற பொருள்கள். அவருடைய பக்கத்தின் படத்தையும் அனுப்பியிருந்தீர்கள், நல்லதாயிற்று. பெலே, மரடோனா, அலி, கோபி பிரையன்ட், மைக்கேல் ஜோர்டன் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே தடிமனுள்ள நீல மார்க்கரில், படத்தின் வலப்பக்க மூலையில், ஏறக்குறைய ஒரே சாய்வில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மூன்று நாடுகளின் ஐந்து பேரைத் துரத்திப் பிடித்த ரசிகரிடம் ஐந்து வகைப் பேனாக்கள் இருக்கும், ஐந்து வகை அவசரம் தெரியும். ஒன்று மங்கியிருக்கும், ஒன்று முகத்தின் மேலேயே விழுந்திருக்கும். போலி செய்பவன் வீரர்களின் எழுத்து வடிவத்தைக் கற்றுக்கொள்கிறான். தன் கையின் சாய்வையும் அழுத்தத்தையும் விட்டொழிக்க அவனால் முடிவதில்லை. ஒரே விற்பனையாளரின் பத்துப் பொருள்களை அருகருகே வைத்துப் பாருங்கள். பத்து வீரர்களுக்கு அடியில் பதினோராவதாக ஒருவருடைய கை தெரிந்தால் விலகிவிடுங்கள்.

ஜோர்டனைப் பற்றி ஒரு குறிப்பு. 1992இலிருந்து அவர், விளையாட்டு அட்டைகளும் கையெழுத்துப் பொருள்களும் விற்கும் அப்பர் டெக் நிறுவனத்துடன் பிரத்யேக ஒப்பந்தத்தில் இருக்கிறார். அண்மையில் ஒரு விருந்தில் போட்டுத் தந்தார் என்று கதை சொல்லி, பெயர் கேள்விப்படாத நிறுவனத்தின் ஸ்டிக்கரோடு ஜோர்டன் கையெழுத்து வந்தால் நான் இருமுறை அல்ல, இருபது முறை யோசிப்பேன்.

பல வருடங்களுக்கு முன் ஒருவர் இரண்டு சட்டைகளைக் கொண்டுவந்தார். வெவ்வேறு விற்பனையாளர்களிடம், வெவ்வேறு மாதங்களில் வாங்கியவை. இரண்டிலும் ஒரே கால்பந்து வீரரின் கையெழுத்து. ஒன்றைப் படமெடுத்து, ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்டு, மற்றதன் மேல் வைத்தேன். கோட்டுக்குக் கோடு பொருந்தியது. கொண்டுவந்தவர் முகம் மலர்ந்து, “பார்த்தீர்களா, அப்படியே இருக்கிறது!” என்றார். அவரிடம் உண்மையைச் சொல்வது எனக்குக் கடினமாக இருந்தது. எந்த மனிதக் கையும் ஒரே கையெழுத்தை இருமுறை அச்சாகப் போடாது. இரண்டு கையெழுத்துகள் முழுமையாகப் பொருந்தினால் ஒன்றாவது போலி. பெரும்பாலும் இரண்டும் போலி. படியெடுத்ததாகவோ, ஆட்டோபென் எனப்படும் இயந்திரம் போட்டதாகவோ இருக்கும். உங்கள் விற்பனையாளரின் பக்கத்தில் அலி படங்கள் இரண்டு இருக்கின்றன. பொழுது கிடைத்தால் செய்து பாருங்கள்.

ஏமாற்றும் எண்ணமே இல்லாமல் பிறந்த பொய்க் கையெழுத்துகளும் சந்தையில் ஏராளம். கிரிக்கெட் மட்டைகளில் வீரரின் கையெழுத்தைத் தயாரிப்பாளரே அச்சிடுவது நூறாண்டுக்கு நெருங்கிய வழக்கம். சைக்ஸ் நிறுவனத்தின் பழைய மட்டைகளில் டான் பிராட்மனின் பெயர் அப்படித்தான் இருக்கும். அதை விற்பவர் ‘பிராட்மன் கையெழுத்திட்ட மட்டை’ என்று அறியாமலும் எழுதலாம், அறிந்தும் எழுதலாம். விசிறிகளுக்கு அனுப்பிய படங்களில் கையெழுத்தும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். பேஸ்பால் அணிகளில் நட்சத்திர வீரர்களுக்குப் பதிலாக உடைமாற்றும் அறைப் பணியாளர்களே பந்துகளில் கையெழுத்திட்டுத் தள்ளிய காலமும் உண்டு. அந்தப் பந்து அணியிலிருந்தே நேராக வந்திருக்கும். கதையும் முழு உண்மையாக இருக்கும். கையெழுத்து மட்டும் வேறு ஆளுடையது. அச்சா மையா என்று அறிய ஒரு வழி, பொருளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படமெடுத்து அனுப்பச் சொல்வது. பளபளப்பான புகைப்படத்தின் மேல் விழுந்த மார்க்கர் மை தனியாக ஒரு மினுமினுப்புக் காட்டும். அச்சான கையெழுத்து படத்தோடு படமாக அடங்கிக் கிடக்கும். நெருங்கிப் பார்த்தால் சிறு சிறு புள்ளிகளாக உடையும்.

பொருளின் வயதும் சில நேரம் காட்டிக்கொடுக்கும். பழம்பெரும் பேஸ்பால் வீரர் பேப் ரூத் 1948இல் இறந்தார். ஷார்ப்பி மார்க்கர் சந்தைக்கு வந்தது 1964இல். ஆகவே ஷார்ப்பியில் போட்ட பேப் ரூத் கையெழுத்துக்கு நிபுணரே தேவையில்லை. அந்தக் காலப் பேஸ்பால் பந்துகளில் லீக் தலைவரின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். ஜோ க்ரோனின் அமெரிக்கன் லீக் தலைவரானது 1959இல். அவர் பெயர் பொறித்த பந்தில் ரூத் எப்படிக் கையெழுத்திட்டிருப்பார்? ஆனால் இந்தக் கணக்கை ஒரு திசையில்தான் போட முடியும். 1960 ரோம் ஒலிம்பிக் படத்தில் ‘முகமது அலி’ என்று இருந்தால் அது தவறல்ல. அந்தப் பெயரை அவர் ஏற்றது 1964இல்தான் என்றாலும், பழைய படத்தில் பிற்காலத்தில் கையெழுத்திட்டிருக்கலாம். அந்தப் படத்தில் 1960இலேயே இட்டது என்று விற்பவர் சொன்னால்தான் தவறு.

வாங்கியவர்களின் நற்சொற்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பொருள் விரைவாக வந்தது, நன்றாகப் பொதிந்திருந்தது, படத்தில் உள்ளபடியே இருக்கிறது என்றுதான் அவற்றில் பெரும்பாலும் இருக்கும். எல்லாம் உண்மையாகவும் இருக்கும். ஏமாந்தவர் தான் ஏமாந்ததை அறியாதவரை ஐந்து நட்சத்திரம்தான் கொடுப்பார். பலர் அந்தப் படத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி, பத்து வருடம் கழித்து விற்கப் போகும்போதுதான் அறிகிறார்கள்.

விற்பவரின் சொற்களில் நான் கவனிப்பது அவர் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதைத்தான். ‘அலி கையெழுத்திட்ட படம்’ என்று தலைப்பில் இருக்கும், கீழே ‘உண்மையானது என்று நம்புகிறோம்’ என்று சுருங்கும். ‘இறந்தவரின் வீட்டிலிருந்து வாங்கியது, எனக்கு இதில் அனுபவம் இல்லை, ஆகவே திருப்பி எடுக்க இயலாது’ என்பது இன்னொரு பாட்டு. ஒன்றும் தெரியாதவராகச் சொல்லிக்கொள்பவர் விலையை மட்டும் எப்படி நிர்ணயித்தார்? ‘தளத்துக்கு வெளியே பணம் அனுப்புங்கள், இன்னும் குறைத்துத் தருகிறேன்’ என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். பேபாலில் நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் பணம் கேட்பதும் அதே ரகம்தான். அந்த முறையில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது.

அடுத்த முறை எதை வாங்குவதாக இருந்தாலும் விற்பவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படம் வேண்டும். இந்தப் பொருள் யாரிடமிருந்து, எப்போது உங்களிடம் வந்தது? நான் விரும்பும் நிறுவனம் நிராகரித்தால் முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாக எழுத்தில் தருவீர்களா? நேர்மையான வணிகர்களுக்கு இவை பழகிய கேள்விகள், கோபப்பட மாட்டார்கள். ‘உங்களுக்கு முன் இருவர் காத்திருக்கிறார்கள்’ என்று பதில் வந்தால், அந்த இருவருக்கே அது போகட்டும். வாங்கிய பிறகும் பெட்டியில் வைத்துப் பிறந்தநாளுக்குக் காத்திருக்காதீர்கள். ஈபே போன்ற தளத்தில் பொருள் கைக்கு வந்து 30 நாள்களுக்குள் முறையிட்டாக வேண்டும். நிபுணரின் கருத்து அந்தக் கெடுவுக்குள் உங்கள் கையில் இருக்க வேண்டும். சில சரிபார்ப்பு நிறுவனங்கள் படத்தை மட்டும் பார்த்து முதற்கட்டக் கருத்துச் சொல்லும் சேவையும் வைத்திருக்கின்றன. வாங்குவதற்கு முன்பே அதைச் செய்துகொள்வது மலிவு.

அப்பாவுக்கு அலியின் கையெழுத்துதான் வேண்டும் என்றால், லிஸ்டன் படத்தை விட்டுவிட்டுத் தேடுங்கள். எல்லோரும் ஆசைப்படும் பொருளில்தான் போலியும் குவியும். அலி தன் பிற்காலத்தில் இஸ்லாம் பற்றிய சிறு துண்டுப் பிரசுரங்களில் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டு, சந்தித்தவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்துவந்தார். சுவரில் மாட்ட அவ்வளவு அழகாக இருக்காது, எழுத்தும் நெருங்கியிருக்கும். அவற்றிலும் போலிகள் உண்டு, ஆகவே மேலே சொன்ன சோதனை எதையும் தள்ளுபடி செய்ய வேண்டாம். ஆனால் அந்தத் தாள் அவர் சட்டைப்பையிலிருந்தோ கைப்பெட்டியிலிருந்தோ எடுத்துத் தந்தது என்ற கதைக்கும், அதில் உள்ள நோயுற்ற கைக்கும் பொருத்தம் இருக்கும். குத்துச்சண்டை பழகிய உங்கள் அப்பாவுக்கு அந்த நடுங்கிய கோடு என்ன சொல்லும் என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

ஏலம் இன்றிரவு முடிகிறது என்று எழுதியிருந்தீர்கள். முடியட்டும். அந்தப் பக்கத்தின் முகவரியைக் குறித்துவைத்துக்கொண்டு இரண்டு வாரம் கழித்துத் திறந்து பாருங்கள். அதே லிஸ்டன், அதே மூலை, அதே நீல மார்க்கர் மறுபடி ஏலத்துக்கு வந்திருந்தால் அந்தத் திரைப்பிடிப்பையும் எனக்கு அனுப்புங்கள்.